கோதுமை ஒத்துக்காத உடம்பு

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் மழை பொய்த்தது. மாரண்டஹள்ளியில் எங்கள் காட்டில் கேழ்வரகு வீடு வந்து சேரவில்லை. ரேஷனில் கோதுமை போட்டார்கள். மாமியார் அதை மெஷினில் அரைத்து வந்து, தினமும் களியோ ரொட்டியோ செய்யச் சொன்னார்.

என் கொழுந்தன் மனைவியும் நானும் ஒரே வருடம் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்கள். அவள் ரொட்டியை வயிறு நிறையத் தின்றுவிட்டு, துளி களைப்பில்லாமல் களை வெட்டப் போவாள். எனக்கோ வயிறு உப்பும், முழங்கையில் அரிப்பெடுக்கும், காலையில் விரல்கள் வீங்கி மடங்காது. அவள் மாவு பிசையும்போது அந்த மெல்லிய விரல்களைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

தர்மபுரி டாக்டர் வாதம் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்ததும் வீக்கம் திரும்பிவிடும்.

பிரசவத்துக்குக் கடத்தூரில் தாய் வீட்டுக்குப் போனேன். அங்கே பழைய கேழ்வரகு இருந்தது. சில வாரங்களில் விரல்கள் நன்றாக மடங்கின. குழந்தையோடு திரும்பி வந்ததும் மறுபடி வீக்கம்.

"தாய் வூட்ல இல்லாத நோவு இங்க வந்தாத்தான் வருது," என்றார் மாமியார், என் காதில் விழும்படி. அடுப்படியில் நின்ற கொழுந்தன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியார் வெளியே போனதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க தாய் வூட்ல என்ன தின்னீங்க?"

"ராகிக் களி. வேறென்ன?"

"கோதுமை?"

"அங்க வாங்கறதே இல்ல."

"அப்ப அதுதான் உங்களுக்கு ஒத்துக்கல. கொஞ்ச நாளைக்கு வுட்டுப் பாருங்க. உங்க பங்க நான் தின்னுக்கறேன்."

பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த தன் தாய் வீட்டிலிருந்து எனக்காகக் கேழ்வரகு வரவழைத்தாள். இரண்டு மாதத்தில் வீக்கம் பெரும்பாலும் வடிந்தது.

எழுபதுகளில் வேறொரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். "எல்லா மூட்டுவலியும் சாப்பாட்டால வர்றதில்லம்மா. ஆனா சிலருக்கு ஒத்துக்காதத விடாம சாப்பிட்டா, உள்ளுக்குள்ள அழற்சி அடங்காம இருந்துக்கிட்டே இருக்கும். நல்லா கவனிச்சிருக்கீங்க," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இவ இல்லீங்க. என் தம்பி சம்சாரம்தான் கண்டுபுடிச்சுது."

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.