வராத பதிலுக்கு நான் தேதி போடவில்லை

போன ஜூன் மாதம் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் சாமுவேலுக்குப் பேச்சு நின்றுபோனது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழறல்தான் வந்தது. டம்ளர் நழுவியது, வலது பக்கம் துவண்டது. பக்கவாதம் என்றார்கள். ஓசூர் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது கால் நடந்தது, கை பாதி வந்தது. வாய் மட்டும் வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல ஒரு சொல் கிடைக்காது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் வெல்டிங் பட்டறை மேஸ்திரி. இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஆட்களை அதட்டி வேலை வாங்கின மனிதர். அவர் சத்தமில்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி எதற்காக விடிய வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது எங்கள் சபைப் பெண்களிடம் தியானக் குறிப்பேடு பெரிய மோகமாகக் கிளம்பியிருந்தது. காலையில் வேதம் வாசித்து, மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இன்றைய வசனம், இன்றைய விண்ணப்பம், பதில் கிடைத்த தேதி. பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நடத்தியவர் பியூலா அக்கா. காரியம் நல்லதுதான். அதை இவர்கள் ஆக்கி வைத்திருந்த லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும். ஜிகினா பேனா, பூ ஸ்டிக்கர், ஓரமெல்லாம் பட்டாம்பூச்சி. கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும். வசனத்துக்கு மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அதற்கே நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பதில் கட்டத்தைப் பார்த்தால் இன்னும் கேவலம். பாகலூர் ரோட்டு நெரிசலில் கார் நிறுத்த இடம் கிடைத்ததாம், ஸ்தோத்திரம். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி அள்ளிக் கொடுத்தார்களாம், அல்லேலூயா. விலை போகாமல் வயிறெரிந்து அள்ளிக் கொடுத்த விவசாயியின் விண்ணப்பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நானும் எழுதினேன். கோடு போட்ட சாதாரண நோட்டு, நீலப் பேனா. விண்ணப்பம்: அவர் பேச வேண்டும். பதில்: காலி. மறுநாளும் அதே. மழைக்காலம் வந்தது, கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். என் மூன்றாவது கட்டம் காலியாகவே கிடந்தது.

ஒருநாள் பியூலா அக்கா போன் செய்தார்.

"என்னம்மா, தெனமும் காலியாவே போடுற? பாக்கறவங்களுக்கு விசுவாசம் கொறையுதில்ல. பதில் வந்துடுச்சுன்னு ஒரு தேதி போட்டு எழுது."

"அவரு இன்னும் பேசலியேக்கா."

"அதுக்குத்தாம்மா முன்னாடியே எழுதணும்ங்கறேன். எழுதினா நடக்கும்."

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வண்டிக்குப் போகும் பிரேக் பாகங்களை அளந்து பார்த்து முத்திரை போடுவது என் வேலை. அளக்காத பாகத்துக்கு முத்திரை போட்டால், எங்கோ ஒரு இறக்கத்தில் எவனோ ஒருவன் பிரேக்கை மிதிக்கும்போது தெரியும்.

"கம்பெனியிலயே பாக்காத பீஸுக்கு நான் ஓகே போடமாட்டேங்க்கா. ஆண்டவர்கிட்டப் போய்ப் போடுவனா?" என்றேன்.

அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர்கள், ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. இதற்குப் பெயர் விசுவாசமா? பயம். பதில் தாமதமானால் ஆண்டவருக்கு மானக்கேடு என்று பயந்து, அவருக்காக இவர்கள் பொய் எழுதுகிறார்கள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு இவர்கள் ஸ்டிக்கர் ஒட்டி முட்டுக் கொடுக்கிறார்களாம்!

நான் எழுதுவதை விடவில்லை. பார்க்க ஆளில்லாமல் போனதும் மனதில் இருந்ததை எழுதினேன். 'இன்றும் பேசவில்லை. உமக்குக் கேட்கிறதா, இல்லையா?' 'இன்று உம்மோடு பேச எனக்குப் பிடிக்கவில்லை.' எழுதிவிட்டு அழுவேன். நம்பினால் நம்புங்கள், கர்த்தர் என் பக்கத்தில் இருக்கிறார் என்று நான் நிச்சயமாய் அறிந்தது அந்த நாட்களில்தான். கோபித்துக்கொண்டு அவர் எழுந்து போய்விடவில்லை. முகம் கழுவிக்கொண்டு ஷிப்டுக்குப் போக எனக்குத் தெம்பு கொடுத்தார். பேச்சுப் பயிற்சிக்கு என் வீட்டுக்காரரை அழைத்துப் போகவும் தெம்பு கொடுத்தார்.

டிசம்பர் வந்தது. பர்கூரில் காலேஜ் படிக்கிற எங்கள் மகள் கிரேஸ் லீவுக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிறு மதியம் பியூலா அக்கா இரண்டு பெண்களோடு வீட்டுக்கு வந்தார். ஜெபிக்க வந்தேன் என்றார். கையில் போன் தயாராக இருந்தது.

"பிரதர் பேசிட்டாருன்னு அறிக்கை பண்ணி ஒரு வீடியோ எடுத்துடலாம். நீங்க சும்மா வாயை அசைங்க பிரதர், அது போதும்."

பேச முடியாமல் தவிக்கிற மனிதரை வாயசைக்கச் சொல்கிறார்! எனக்கு நாக்கு வரை வந்தது. அதற்குள் அக்கா இவர் தலையில் கை வைத்து உரக்க ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். கூட வந்த ஒரு பெண் போனை இவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"சும்னிரு!"

கன்னடத்தில், வாயை மூடு என்று. பட்டறையில் ஆட்களை அதட்டும் அதே குரல். பியூலா அக்காவின் ஜெபம் பாதியில் நின்றது. சமையலறையிலிருந்து கிரேஸ் ஓடிவந்தாள்.

"அப்பா! இன்னொருக்கா சொல்லுப்பா!"

அவர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். "சும்னிரு" என்றார், மெதுவாக. மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். வந்தவர்கள் எப்போது போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

பழகின அதட்டல் முதலில் வருவது உண்டு என்றார் டாக்டர். இருக்கட்டும். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வாயைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் தேதி போட்டேன். அந்தச் சொல்லையும் உள்ளபடியே எழுதினேன். பியூலா அக்காவின் குழுவில், தங்கள் ஜெபத்தால் பிரதர் பேசினார் என்று செய்தி போனதாம். என்ன பேசினார் என்று மட்டும் போடவில்லை. வீடியோவும் வெளியே வரவில்லை.

இன்று அவர் சில சொற்கள் பேசுகிறார். தண்ணி, வலி, கிரேஸ். வாக்கியம் இன்னும் வரவில்லை. நானும் வந்ததாக எழுதவில்லை.

பிரியமானவர்களே, காலையில் உட்கார்ந்து எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். உங்கள் கோபத்தைத் தாங்க ஆண்டவருக்குத் தெரியும், உங்கள் நடிப்புதான் அவருக்கு வேண்டாம். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தை முடிப்பது என் வீட்டுக்காரர்தான். "ஆண்டவரே" என்பார். அடுத்த சொல் கிடைக்காது. உதடு தேடிக்கொண்டே இருக்கும், நெற்றி வியர்க்கும். நானும் கிரேஸும் கண்ணை மூடிக் காத்திருப்போம். அவருக்காக நாங்கள் ஆமென் சொல்லி முடிப்பதில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே சொல்லட்டும்.