மொட்டைமாடி ஏறிய வெப்பமானி

கால்நடை அலுவலகத்தில் அவளுக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் விழிப்பார்கள். ‘உண்ணி அக்கா’ என்றால் கன்றுக்குட்டிகூட வழி காட்டும். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு வருத்தம் இல்லை. உண்ணி இருப்பதால்தானே சம்பளம் என்பாள்.

ஒரு வெள்ளைத் துணியைக் கம்பில் கட்டிப் புல்வெளியில் இழுத்துக்கொண்டே நடப்பது அவள் வேலை. புல்நுனியில் மாட்டுக்காகக் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சுகள், மாடுதான் உரசுகிறது என்று ஏமாந்து துணியில் தொற்றிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை குனிந்து அவற்றை எண்ணி எழுதுவாள். கணவர் தையல்காரர். “ஊரே மனுஷனுக்குத் துணி தைக்கச் சொல்லுது. இவ ஒருத்திதான் புல்லுக்குப் போத்தி விடறா” என்பார்.

அந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரைபடம் வந்தது. உண்ணி எங்கே பிழைக்கும், எங்கே பரவும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது. சிவப்பு என்றால் மருந்து வண்டி வரும். வெள்ளை என்றால் வராது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வாய்க்கால் ஓரத்துத் தெரு வெள்ளை.

அதே மாதம் அந்தத் தெருவில் ஆறு மாடுகள் காய்ச்சலில் விழுந்து சிவப்பாக மூத்திரம் போயின. உண்ணி கடித்து வருகிற நோய் அது.

பெரிய அதிகாரி வரைபடத்தைத் தட்டிக் காட்டினார். “இங்க உண்ணியே வாழ முடியாது. எங்கேயோ போய் வாங்கிட்டு வந்திருக்காங்க. சுத்தம் கெடையாது அந்த ஜனங்களுக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து அவங்க பாலையும் எடுக்க வேணாம், மாட்டைச் சந்தைக்குள்ளயும் விட வேணாம்.”

இல்லாதவனைக் குற்றவாளி ஆக்க அத்தாட்சியே வேண்டாம். இப்போது வரைபடமும் கிடைத்துவிட்டது.

அந்தத் தெருவில்தான் உண்ணி அக்காவின் நாத்தனார் மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிறாள். அன்று சாயங்காலமே வந்து வாசலில் நின்றாள்.

“அண்ணி, எங்க தெருவுல உண்ணியே கெடையாதுன்னு உங்க ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்காமே? எங்க மாடுங்க படிக்கல போலருக்கு. மடி பூரா ஒட்டிட்டிருக்கு.”

“உள்ள வா. திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.”

மறுநாள் காலையில், தலைமை அலுவலகத்தில் வரைபடம் போட்ட மூக்குக்கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தாள்.

“சார், எதை வெச்சு வெள்ளைன்னீங்க?”

“உங்க ஆபீஸ் குடுத்த அளவுதான்மா. மத்தியானம் நாப்பத்தொரு டிகிரி, காத்துல ஈரமே இல்ல. அதுல உண்ணி முட்டை காஞ்சி கருவாடாயிடும்.”

போனை வைத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். தினமும் அந்த அளவைப் பார்த்து எழுதியவள் அவளேதான். சூட்டையும் காற்றின் ஈரத்தையும் காட்டும் வெப்பமானிப் பெட்டி முன்பு அலுவலகத்தின் பின்னே புல்தரையில் இருந்தது. காவலாளியின் பசு வந்து கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து இரண்டு முறை அதைக் கவிழ்த்தது. “மாடு ஏற முடியாத எடத்துல வைங்க” என்றார் அதிகாரி. பெட்டி மொட்டைமாடிக்குப் போனது. பதினொரு மாதமாகக் கொதிக்கும் சிமெண்டின் சூட்டைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். மொட்டைமாடியில் எந்த மாடு மேய்கிறது?

உபரி வெப்பமானியோடு வாய்க்கால் கரைக்குப் போனாள். உச்சி வெயிலில் புல்லடியில் முப்பத்தொன்று. விரல் வைத்தால் மண்ணில் ஈரம். துணியை இருபதடி இழுத்தாள். எள்ளைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

துணியைக் கண்ணாடித்தாள் பையில் போட்டு ஒட்டி, அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். பைக்குள் எள் நடந்தது. அதிகாரி நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“என்னம்மா இது!”

“வாழவே முடியாதுன்னீங்களே சார், அவங்கதான்.”

“மொதல்ல எடும்மா!”

“எடுக்கறேன் சார். மாடியில நின்னு தப்பா எழுதுனது நான். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். பெட்டியை மாடிக்கு ஏத்தச் சொன்னது நீங்க. தெருக்காரங்க ஒண்ணும் பண்ணல. தடையை எடுத்துடுங்க.”

அவர் நாற்காலியிலிருந்து இறங்காமலே பேனாவைக் கேட்டார்.

கண்ணாடிக்காரர் புதிய அளவைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினார். வாய்க்கால் ஓரம் ரத்தச் சிவப்பானது. திங்கட்கிழமை மருந்து வண்டி தெருவுக்குள் வந்தது. பால் வண்டியும் பின்னாலேயே வந்தது.

“செவப்புன்னு பேரு வாங்கினதுக்கு இப்படிச் சந்தோஷப்படற தெரு எங்கயும் இருக்காது அண்ணி” என்றாள் நாத்தனார், மாட்டைப் பிடித்துக்கொண்டே.

வெப்பமானிப் பெட்டி புல்தரைக்கே இறங்கிவிட்டது. இந்த முறை சுற்றிலும் வேலி. காவலாளியின் பசு இப்போது வேலிக்கம்பில் கழுத்தைத் தேய்க்கிறது. உண்ணி அக்கா அதை விரட்டுவதில்லை. கிட்டே போய், காதைத் தூக்கிப் பார்த்து, எண்ணி எழுதிக்கொள்கிறாள்.