என் மகள் என்ன படிக்கிறாள்?

மே மாதம் வந்தால் ஊட்டிக்காரர்கள் வீடெல்லாம் லாட்ஜ்தான். வருஷம் முழுக்க ஒரு போன்கூடப் பண்ணாத சொந்தங்கள், கோயமுத்தூர் வெயில் தாங்காமல் ஸ்வெட்டரோடு வந்து இறங்குவார்கள். இந்த முறை ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு மச்சான். மனைவியின் பெரியப்பா மகன். மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகள் மதுவை அழைத்து வரவில்லை. கேட்டால், "காலேஜ் டென்ஷனுங்க" என்றார்.

வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்ள, நம்ம அம்முணி என்னங்க படிக்குது?"

சாதாரணக் கேள்வி. என் மகள் தாரணி சென்னையில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருக்கிறாள். இதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

"டேட்டா சயின்ஸுங்க மச்சான்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான்… உண்மை அதில்லை. அவர் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்தே இந்தக் கேள்விக்கு பயந்துகொண்டிருந்தேன். "வரலாறா? அதைப் படிச்சு என்னங்க பண்றது?" என்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மனைவி மார்க்கெட் போயிருந்தாள். நல்லவேளை என்று நிமிர்ந்தால் — கதவருகில் தாரணி. கையில் இரண்டாவது ரவுண்டு டீ.

மச்சானுக்கு ஏக சந்தோஷம். "அப்படிப் போடு! அம்முணி, நம்ம பட்டறை ஸ்டாக்கு பூராத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும். எப்படின்னு சொல்லு கண்ணு."

தாரணி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு அவரிடம், "காலேஜ் திறந்ததும் சார்கிட்ட கேட்டுச் சொல்றேங்க மாமா" என்றாள்.

என்னைக் காப்பாற்றிவிட்டாள். பத்தொன்பது வயதுப் பெண் தன் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். எனக்கு உடம்பே கூசியது.

மச்சான் மலர்க் கண்காட்சிக்குக் கிளம்பியதும் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இனிமே யாராச்சும் கேட்டா நான் என்னப்பா சொல்லட்டும்? ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

போன வருஷம் அவளைச் சேர்க்கும்போது ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். இடது பக்கம் செலவு: ஃபீஸ், ஹாஸ்டல், சென்னைக்குப் போய்வரும் பஸ், ரயில். பக்கம் வழிந்தது. வலது பக்கம் வரவு. அங்கே ஒரே ஒரு கேள்விக்குறி. அதை அவளிடமே நீட்டி, "பார்த்துக்கோ" என்றவன் நான்.

இத்தனைக்கும் நான் படித்தது என்ன? பி.ஏ.தான். அதை வைத்துத்தான் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதிப் பிழைக்கிறேன். இந்த வீடு, அந்த வர்க்கி, அவள் ஃபீஸ் — எல்லாம் அந்தப் படிப்பு போட்ட சோறு. வலது பக்கத்தில் என் பிழைப்பை எழுதலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஊரார் முன்னால் சொந்தப் படிப்பையே மதிக்காதவன், மகள் படிப்பையா மதிக்கப் போகிறான்!

கதை அதோடு முடிந்திருந்தால் வெட்கப்பட்டுவிட்டு விட்டிருப்பேன். முடியவில்லை. ஊருக்குப் போன மச்சான் நேற்று போன் செய்தார்.

"மது லிட்ரேச்சர்தான் படிப்பேன்னு ஒரே அழுவாச்சிங்க மாப்ள. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். 'பத்திரிகையில எழுதற மாமாவே அவர் பொண்ணை டேட்டா சயின்ஸ்ல போட்டிருக்காரு, உனக்கென்ன?' புள்ள கப்சிப். திங்கக்கிழமை இன்ஜினியரிங் காலேஜுல பணம் கட்டறேனுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? "நல்லதுங்க மச்சான்" என்றேன்.

இந்த முறை யாரும் கேள்வி கேட்கவில்லை, பார்க்க பயந்த அந்த முகமும் எதிரில் இல்லை. வெறும் போன். அதிலும் பயந்தேன்.

ராத்திரி படுத்துக்கொண்டு புரண்டதில் ஒரு யோசனை வந்தது. என் வாரப் பத்தியில் எழுதிவிடலாம்! மச்சான் வாராவாரம் படிப்பவர். ஞாயிற்றுக்கிழமை வரும். திங்கட்கிழமைக்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். நேரில் சொல்லும் சங்கடமும் எனக்கு மிச்சம். காலையில் எழுந்து, இதுவரை நீங்கள் படித்த அத்தனையையும் எழுதி முடித்தேன். நேர்மையான ஆளாகிவிட்ட திருப்தியோடு தாரணியிடம் நீட்டினேன்.

நிதானமாகப் படித்தாள்.

"நல்லா இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை மாமா பேப்பர் படிக்கலைன்னா?"

என் போனை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, நகராமல் நின்றாள்.

போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார். "மச்சான், என் பொண்ணு டேட்டா சயின்ஸ் இல்லீங்க. பி.ஏ. ஹிஸ்டரி. அவளா ஆசைப்பட்டு எடுத்தது. நல்லாப் படிக்கிறா. மதுகிட்ட இதைச் சொல்லிட்டு அப்புறமாப் பணம் கட்டுங்க."

 அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்புறம் எதுக்குங்க மாப்ள பொய் சொன்னீங்க?"

வாராவாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு, அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை!