இறங்கி வருகிறவர்களிடம் கேட்டாள்

இசக்கிசெல்விக்குக் கணக்கு என்றால் உயிர். சங்கரன்கோவிலில் அவள் தெருப் பெண்கள் எல்லாம் பி.எட்., நர்சிங் என்று போனபோது, இவள் மட்டும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகக் கொள்கையும் புள்ளியியலும் சேர்ந்த எம்.ஏ. படிப்பைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தாள். "அது என்ன படிப்புட்டி?" என்று யார் கேட்டாலும் சளைக்க மாட்டாள். "கவருமெண்டு ஒரு திட்டம் போடுதுல்லா, அது சனங்களுக்கு நெசமாவே உதவுதா இல்லையான்னு எண்ணிப் பாத்துச் சொல்லுத படிப்பு" என்பாள். கேட்டவர்களுக்குப் பாதிதான் விளங்கும். அதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை, மீதியையும் சொல்லாமல் விடமாட்டாள்.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பு டவுன் பஸ். பெண்களுக்கு அதில் இலவசம் என்று ஆன பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள்? சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் கேட்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கினாள். கேள்வித்தாளில் வேலை, ஆஸ்பத்திரி, சந்தை, கோயில், பள்ளிக்கூடம் என்று கட்டங்கள் போட்டிருந்தாள். எதிலும் சேராததற்கு 'மற்றவை' என்று ஒரு கட்டம்.

காலையில் புளியங்குடி பஸ், திருவேங்கடம் பஸ் என்று ஏறப்போகிற பெண்களை மறித்து மறித்துக் கேட்டாள். "அக்கா, எங்கன போறிய? என்ன சோலியா போறிய?"

"சும்மா, இங்கனதான் தாயி."

எல்லாருக்கும் இதே பதில். ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் களைக்கொத்தியுமாக நின்ற வள்ளித்தாய் என்ற அக்காகூட, "சும்மா, இங்கனதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் இடம் பிடிக்கப் போய்விட்டாள். ஒரு வாரம் கால் கடுக்க நின்றதில் 'மற்றவை' மட்டும் கொழுத்தது.

அவளுடைய ஆய்வைப் பார்க்கிற பேராசிரியர் கனகலட்சுமி போனில் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "பாதிக்கு மேல மற்றவைன்னா அது ஆய்வே இல்லைம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கான பதில் வரணும். இல்லைன்னா தலைப்பை மாத்திடு, ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும்."

செமஸ்டர் தள்ளிப்போவதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தன் ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுமே, அதுதான் நெஞ்சை அறுத்தது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பதில்களை வயதுவாரியாகப் பிரித்தாள், ஊர்வாரியாகப் பிரித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. கேட்ட நேரத்தை வைத்துப் பிரித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் கேட்டவர்கள் அத்தனை பேரும் 'மற்றவை'. ஒரு நாள் பொழுதுபோகாமல் சாயங்காலம் கேட்ட ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை, ஆஸ்பத்திரி என்று முத்து முத்தாகச் சொல்லியிருந்தார்கள். அதே ஊர், அதே பஸ், அதே பெண்கள். என்ன கூத்து இது?

மறுநாள் காலையில் அவள் வாசலில் இறங்கும்போது எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் நின்றிருந்தார். வடக்கே இருந்து மாற்றலாகி வந்து, தமிழ் பேசிப் பழகிக்கொண்டிருக்கிற மனிதர். "எங்கே போறீங்க?" என்று வாய் நிறையக் கேட்டார்.

"சும்மா, இங்கனதான் சார்" என்றாள்.

தெருமுனை வரைகூடப் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டாள். மண்டையில் அடித்துக்கொண்டாள். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விவரமில்லாமல் யாராவது கேட்டுவிட்டால் எல்லாரும் சொல்லித் தப்பிக்கிற பதில் இதுதான். இவளே ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அப்பேர்ப்பட்டவள், கேள்வித்தாளைக் கையில் பிடித்ததும் ஊரையே மறந்துபோய், பஸ் ஏறப்போகிற பெண்களின் காரியத்தை எல்லாம் வரிசையாகக் கெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மேடம், ஏறுத பக்கம் நின்னு கேட்டது தப்பு. அன்னைக்குச் சாயங்காலம் பதில் சொன்னவிய எல்லாம் போயிட்டு வந்தவிய. எறங்குத பக்கம் நின்னு கேக்கணும்" என்று போனில் படபடத்தாள். விஷயத்தைக் கேட்டதும் கனகலட்சுமியே சிரித்துவிட்டார். "எங்கம்மாவும் இதுக்குத் திட்டுவாங்க. எனக்கும் தோணலை பாரேன். சரி, கேளு. வெள்ளிக்கிழமையை ஞாபகம் வச்சுக்கோ."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். "எங்கன போயிட்டு வாரிய?" என்றதுதான் தாமதம், பதில்கள் கொட்டின. வள்ளித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "களையெடுக்கப் போயிட்டு வாரேன் தாயி. முன்ன உள்ளூர்லயே கெடந்தேன். இப்ப கூலி எங்க கூடவோ அங்கன போறேன்" என்றாள். இசக்கிசெல்விக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதற்குத்தானே படித்தோம் என்றிருந்தது அவளுக்கு.

இறங்குகிறவர்களில் ஐந்தாவது பெண்ணைத்தான் கேட்க வேண்டும், முகம் பார்த்துப் பொறுக்கக் கூடாது என்பது விதி. வியாழக்கிழமை கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஐந்தாவதாக இறங்கியது அவளைப் பெற்ற ஆவுடையம்மாள்.

அம்மா சிரித்துக்கொண்டே கடந்துபோகப் பார்த்தாள். மகள் விடவில்லை. "எம்மா, நில்லு. நீதான் அஞ்சாவது. எங்கன போயிட்டு வாரிய?"

மகள் மரியாதையாகக் கேட்டதும் ஆவுடையம்மாள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு நேராக நின்றாள். "ஜாய்ஸ் வீட்டுக்கு. எங்கூடப் பத்தாங்கிளாஸ் படிச்சவ."

"என்ன சோலியா?"

"சோலி ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டுக் கெடந்தோம், சிரிச்சோம். வாராவாரம் போறேன்."

"எனக்குத் தெரியாதே."

"வந்தப்பொறவு யாரு கேட்டிய?" என்றாள் அம்மா, கோபமில்லாமல். "கல்யாணத்துக்குப் பொறவு அவளப் பாக்கவே இல்ல. பஸ்ஸுக்குக் காசு கேட்டா உங்கப்பா எதுக்குன்னு கேப்பாரு. பேசிட்டு வரன்னு எப்படிட்டி சொல்ல?"

இசக்கிசெல்வி கேள்வித்தாளைக் குனிந்து பார்த்தாள். பேனா 'மற்றவை'க்கு மேல் நின்றது. அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "கோயில்னு போட்டுக்கோயேன். அங்கனயும் கோயில் இருக்குல்லா."

"போட மாட்டேன்" என்றாள் மகள். அந்த வாரத்துக் கேள்வித்தாள்களைப் புரட்டினாள். சந்தை, ஆஸ்பத்திரி என்று சொன்னவர்களில் எத்தனையோ பேர், போகிறபோக்கில், அப்படியே அக்காளைப் பார்த்தேன், கூடப் படிச்ச கூட்டுக்காரியைப் பார்த்தேன் என்று சொன்னதை ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். அங்கேயே நின்று போன் போட்டாள்.

"மேடம், ஒரு கட்டம் கூட்டணும்."

"என்ன கட்டம்?"

"ஆளப் பாத்துப் பேச."

ஓரத்துக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பிறகு கனகலட்சுமி, "தலைப்பு இருக்கட்டும். கேள்வித்தாளை மாத்து" என்றார்.

இசக்கிசெல்வி கையாலேயே ஒரு கட்டம் வரைந்து அம்மாவுக்கு டிக் போட்டாள். ஆவுடையம்மாள் அதை உற்றுப் பார்த்தாள். "ஜாய்ஸுக்கும் ஒண்ணு போடு. அடுத்த வாரம் அவ இங்கன வாரா."