கொதிக்காத போசி

பாவாத்தாளுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பல்லடம் பக்கத்தில் ஒரு பண்ணையத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவள் அவள். ஒரு கோடையில் சேரியில் வாந்திபேதி புகுந்தது. புருஷனையும் நடக்கப் பழகியிருந்த பெண் குழந்தையையும் இரவல் வண்டியில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. போகும்போது கொண்டுபோ என்று, அவர்கள் கஞ்சி குடித்த பாத்திரத்தைக் கழுவி அவள் கையில் கொடுத்தார்கள். அந்த வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு யாருமில்லாத குடிசைக்குத் திரும்ப அவளுக்குக் கால் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நர்சம்மா ஒரு நாள் விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார். அப்படித்தான் அவள் உத்தியோகம் ஆரம்பமானது.

பெருக்கிக்கொண்டிருந்தவள் சில வருஷங்களில் லேப்புக்கு வந்தாள். லேப் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், கண்ணாடிக் குழாய்கள், மூக்கைத் துளைக்கும் கார்பாலிக் நெடி, அவ்வளவுதான். அதற்கு அதிபதி மயில்சாமி. சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். கெட்டிக்காரர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. கிருமி அவரைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டு வருவதுபோல நாளெல்லாம் கை கழுவுவார். லேப்புக்குள் வாயில் கை வைக்காதே. தின்பண்டம் எடுத்து வராதே. அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். நோயாளி பாத்திரம் எதையும் கொதிக்க வைக்காமல் வெளியே அனுப்பாதே. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இந்தப் பாட்டைக் கேட்காவிட்டால் பாவாத்தாளுக்கே பொழுது போகாது. அவருக்காக வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவரை ஏமாற்றினாள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பீங்கான் குவளைக்கு யார் காத்திருந்தார்கள்? வண்டியில் வரும்போது நோயாளிக்கு வாந்தி வந்தால் கைக்கு எட்டிய போசியை, அதுதான் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை, நீட்டுவார்கள். அந்தப் போசியே லேப்புக்கு வந்துவிடும். அதில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தபின், மீதியைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு, போசியை அலசி, கார்பாலிக்கில் ஊறவைத்து, கொதிக்கவும் வைத்து உடையவர்களிடம் பாவாத்தாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பித்தளையாயிற்றே, யார் விட்டுவிட்டுப் போவார்கள்? பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்காத ஊர் இது. ஒரு கை உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். உள்ளே புருஷனோ பிள்ளையோ கிடக்கும்போது வெறும் போசியை எப்படி ஒருத்தி கையில் கொடுப்பது? அதனால் வறுத்த கடலையும் வெல்லமும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தாள். லேப்புக்குள்தானே தின்பண்டம் கூடாது, வேப்பமரமா லேப்? போசியைக் கொடுக்கும்போது யாரும் பார்க்காமல் ஒரு கைப்பிடி அதில் விழும். வாங்கிக்கொள்பவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை.

அந்த ஐப்பசியில் அடைமழை. சிங்காநல்லூருக்கு அப்பால் தோட்டம் வைத்திருந்த சுப்பண்ணனை அவர் மனைவி ராசாத்தாள் விடியற்காலையில் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தாள். வழியில் அவர் எடுத்த வாந்தி ஒரு பித்தளைப் போசியில் இருந்தது. மயில்சாமி மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், நேரே கை கழுவப் போனார். காலரா என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

லேப்பின் பின்கட்டில் இரண்டு பலகைகள். கொதிக்காத பாத்திரம் மேற்குப் பலகையில், கொதித்தது கிழக்குப் பலகையில். இதில் பாவாத்தாள் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்குப் பார்த்து மேற்குப் பலகைக்கு மேலே ஓடு ஒழுகியது. ஒழுகுகிற தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து நாலு பக்கமும் தெறிக்குமே என்று, அலசி வைத்திருந்த போசிகளைக் கிழக்குப் பலகையின் ஓரத்துக்கு மாற்றினாள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அடுப்பு பற்றிக்கொண்டதும் முதலில் இவற்றைப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். விறகோ ஈரம். ஊதி ஊதிக் கண்ணில் நீர் கொட்டியதுதான் மிச்சம்.

அந்தப் புகைக்குள்தான் ராசாத்தாள் வந்து வாசலில் நின்றாள். புருஷனுக்குப் பாட்டில் மருந்து ஏறுகிறது, அவருடைய தம்பி கூட இருக்கிறார், தோட்டத்தில் பெண் குழந்தை பண்ணையத்து ஆள் பொறுப்பில் தனியாக இருக்கிறது, பஸ் கிளம்பப் போகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் தாய்வீட்டுச் சீராக வந்த போசி, கையோடு கொண்டுபோனால் தேவலை என்றும் சொன்னாள். பாவாத்தாள் புகையில் அழுத கண்ணோடு, பழக்கப்படி கிழக்குப் பலகையிலிருந்து போசியை எடுத்தாள், ஜன்னல் வழியே கை நீட்டி ஒரு கைப்பிடி கடலையும் வெல்லமும் போட்டாள், கொடுத்தாள்.

ராசாத்தாள் போசிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதெல்லாம் எதுக்கு கண்ணு? செரி, புள்ளைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு, மழையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகும் விறகு வெகுநேரம் சண்டித்தனம் செய்தது. ஒருவழியாக அடுப்பு பற்றி, அண்டாவில் தண்ணீர் சூடேறியது. கொதிக்க வேண்டியவற்றை எடுக்கப் பலகைக்குப் போனாள். ஓரத்தில் ஒரு போசி குறைந்தது.

கொதித்தவற்றை எண்ணினாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கொடுத்தது எது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெறும் தண்ணீரில் அலசிய காலரா போசிக்குள் கடலை போட்டு, ஒரு குழந்தைக்கென்று கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். அப்பனுக்கு வந்த நோய் பிள்ளைக்கும் வந்தது என்றுதானே உலகம் சொல்லும்? பாவாத்தாளைத் தேடி யார் வரப் போகிறார்கள்? சொன்னாலோ வேலை போய்விடும், போக்கிடமும் இல்லை. ஆனால் 'புள்ளைக்கு ஆகும்' என்ற வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. தன் குழந்தை கடைசியில் தண்ணீர் கேட்ட குரலும் அதோடு சேர்ந்துகொண்டது. நேரே மயில்சாமி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், வேப்பமரத்து டப்பாவையும் சேர்த்துத்தான்.

கத்தித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"அந்த ஊட்டுல கொழந்தை இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு பொட்டப்புள்ளைங்க."

ஒரு கட்டிக் கார்பாலிக் சோப்பை அவள் கையில் வைத்தார். "அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல போ. அந்தக் கடலை வாயில படப்படாது."

பஸ்ஸில் கடைசியில் ஒடுங்கி நின்றுகொண்டு பாவாத்தாள் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டாள். மிஷன் சாமியைக் கூப்பிட்டாள், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று மாசாணியம்மனையும் கூப்பிட்டாள். பஸ் வழியில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது. இந்நேரம் ராசாத்தாள் வீடு போயிருப்பாள். இந்நேரம் குழந்தை ஓடிவந்து, அம்மா என்ன கொண்டுவந்தாள் என்று போசியைத் திறந்திருக்கும். முதலில் வெல்லத்தைத்தான் எடுக்கும். எந்தக் குழந்தையும் வெல்லத்தைத்தான் முதலில் எடுக்கும். அதைத் தேடி அச்சு வெல்லமாகப் பார்த்து வாங்கிவைத்த தன் கையை வெட்டிப்போட்டால் என்ன என்று இருந்தது.

இறங்கிய இடத்திலிருந்து தோட்டத்துக்குச் சேற்று வழி. சுப்பண்ணன் தோட்டம் எது என்று கேட்டுக்கொண்டு விழுந்து எழுந்து போனாள். அவள் மாதிரியான ஆட்கள் மாடு கட்டும் இடத்தோடு நின்று குரல் கொடுக்க வேண்டும். அது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஏனென்றால் வாசலில் ஒரு சின்னப் பெண் குத்தவைத்து உட்கார்ந்து, பாவாடை மடியிலிருந்து கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

பாவாத்தாள் பாய்ந்து போய் அதன் கையைத் தட்டிவிட்டாள். வாய்க்குள் விரலைவிட்டு மென்றதைத் தோண்டி எடுத்தாள். குழந்தை வீறிட்டது. உள்ளேயிருந்து ஓடிவந்த ராசாத்தாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சேரிப் பெண்ணொருத்தி தன் வாசலில் நின்று தன் பிள்ளையின் வாயில் கை வைத்திருக்கிறாள்.

"தப்புங்க அம்மணி, தப்பு என்ற மேலதாங்க. அது கொதிக்க வெக்காத போசிங்க. மாத்திக் குடுத்துப்போட்டேனுங்க. இந்தக் கடலையத் திங்க உடாதீங்க" என்று பாவாத்தாள் கதறினாள்.

ராசாத்தாளுக்கு விளங்கச் சிறிது நேரமானது. விளங்கியதும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். பிறகு அவள் பார்வை தரையில் சிதறிக் கிடந்த கடலைக்குப் போனது.

"இது எங்க காட்டுக் கடலை கண்ணு" என்றாள்.

அப்படியானால் இவள் கொடுத்தது? ராசாத்தாள் சொல்லத் தயங்கினாள். பாவாத்தாள் விடவில்லை. தின்றது யார், எவ்வளவு, உயிர் போகிற விஷயம் என்று கும்பிட்டுக் கேட்டாள்.

"யாருந் திங்கல. பஸ்ஸு எறங்குன எடத்துலயே புதருக்குள்ள கொட்டிப்போட்டேன். கோவிச்சுக்காத கண்ணு. நீ குடுத்ததை ஊட்டுக்குள்ள எப்படிக் கொண்டாறது?"

போசி எங்கே என்று கேட்டதற்குப் புறக்கடையைக் காட்டினாள். கல்லடுப்பின் மேல் அது கவிழ்ந்து கிடந்தது. கரி பிடித்து, உள்ளே பூசியிருந்த ஈயம் இளகி வழியும் அளவுக்குத் தீ எரிந்திருந்தது. பாவாத்தாள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் எடுத்த வாந்திக்காக ராசாத்தாள் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள். தேய்த்தபின் வைத்த இந்த நெருப்பு வாந்திக்கு இல்லை, பாவாத்தாளின் கை பட்டதற்கு. சாம்பலுக்குச் சாகாத கிருமி அந்த நெருப்பில் செத்துப் போயிருக்கும்.

அங்கேயே உட்கார்ந்தாள். கொண்டுவந்த சோப்பைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, போசி தேய்த்த கையை முழங்கைவரை கழுவச் சொன்னாள், தேய்த்த இடத்தில் சுண்ணாம்பு போடச் சொன்னாள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னாள். மயில்சாமியின் பாட்டையே பாடினாள். ராசாத்தாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பாவாத்தாள் எழுந்து கல்லை விட்டு விலகி நின்ற பிறகுதான் சோப்பை எடுத்தாள்.

எத்தனை வருஷம், எத்தனை போசி! சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அந்தக் கடலையெல்லாம் எந்தெந்த ரோட்டோரத்தில் விழுந்ததோ, எத்தனை வீட்டில் அவளுக்காக அடுப்பு எரிந்ததோ? கூலிப் பணத்தில் வாங்கியதாயிற்றே என்று நெஞ்சு எரிந்தது. அப்படிக் குப்பையில் கொட்டியதால்தான் இந்தப் பிள்ளை பிழைத்தது. நெருப்பைத் திட்டுவதா, கும்பிடுவதா?

ராசாத்தாள் கை கழுவிவிட்டு வந்து குழந்தையின் தலையைத் தடவினாள். பயமெல்லாம் அப்போதுதான் அவளை விட்டு இறங்கியது போலப் பெருமூச்சு விட்டாள். அவள் மனசில் கள்ளமே இல்லை. பாவாத்தாளையும் சேர்த்துக்கொண்டுதான் சந்தோஷப்பட்டாள்.

"உன்ற கையில வாங்கித் திங்காதது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியா?" என்றாள்.

பாவாத்தாள் குழந்தையைப் பார்த்தாள். அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்ல சிவப்பாக, உயிரோடு இருந்தது.

"ஆமாங்க அம்மணி. நல்லதாப் போச்சுங்க" என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.