ஊரெல்லாம் ஜமீன் முகம்

தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு கொல்லையைச் சுற்றி நடந்தபடியேதான் அருள்மேரி சாப்பிடுகிறாள். தனக்கு ஒரு வாய், வாத்துகளுக்கு ஒரு பிடி. முருங்கையடியில் தொடங்கி, துவைக்கிற கல்லைத் தாண்டி, வேலியோரமாக மறுபடி முருங்கைக்கு வருவதற்குள் தட்டு பாதி காலியாகிவிடும். பின்னாலேயே கழுத்தை முன்னும் பின்னும் இழுத்து, வாலை ஆட்டிக்கொண்டு, சத்தமில்லாத ஊர்வலம் ஒன்று வரும்.

"ஒரு எடத்துல குந்தி துன்னேன்டி" என்று கணவன் தாவீது உள்ளேயிருந்து கத்துவான்.

"குந்துனா தொண்டைல எறங்கல. நீ துன்னு, பேசாம."

அவளுக்கு எதுவும் உட்கார்ந்து நடக்காது. கேம்ப் ரோட்டில் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா வேலை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியருகே நிற்பாள். நெரிசலில் பஸ் நின்றால் இறங்கி நடந்துவிடுவாள். ஜெபக் கூட்டத்தில் மற்றவர்கள் முழங்காலில் இருக்கும்போது, கடைசி வரிசையில் அவள் மட்டும் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பாள். சபைப் போதகர் ஐயரும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்.

வாத்துகள் மணிலா வாத்துகள். நாட்டு வாத்தைப் போல இவை கத்தி ஊரைக் கூட்டாது. பெட்டைகள் தொண்டைக்குள்ளேயே ஏதோ முணுமுணுக்கும். ஆண், குக்கர் மூச்சு விடுவதுபோல "ஸ்ஸ்" என்று சீறும். அவ்வளவுதான். கண்ணைச் சுற்றித் தக்காளிச் சட்னியை அப்பியதுபோல் சிவப்புச் சதை. புதிதாகப் பார்க்கிற பிள்ளைகள் அழுதுவிடும். குளம் குட்டை வேண்டியதில்லை, ஒரு சிமெண்டுத் தொட்டி போதும். கரப்பான், பூரான், நத்தை, கொசுப்புழு எதையும் மிச்சம் வைக்காது. கொல்லையை விளக்குமாறு போட்டுப் பெருக்கினதுபோல் வைத்திருக்கும். பெட்டைகளுக்குப் பறக்கிற கிறுக்கு உண்டு. விட்டால் ஓட்டுக் கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்காது. அதனால் அருள்மேரி துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் இறகைக் கத்தரிப்பாள், ஒரு பக்கம் மட்டும்.

"ரெண்டு பக்கமும் வெட்னா நேரா பறந்துகினு பூடும். ஒரு பக்கம் வெட்னாத்தான் சாஞ்சி வுழும்" என்று விளக்கம் சொல்லும்போதே அடுத்ததைப் பிடிக்க ஓடியிருப்பாள்.

செம்பாக்கம் ஏரியோரம் கொல்லைக்குக் கொல்லை இந்த வாத்துகள் நடமாடுவதற்கு அவள்தான் காரணம். தாம்பரத்தில் யூனிஸ் மிஸ்ஸி என்று ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா இருந்தார். அவர் வீட்டில் அருள்மேரி வேலை செய்தாள். எண்பத்திரண்டில் மிஸ்ஸி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, பெட்டியில் அடைக்க முடியாத ஒரே சொத்தை, ஒரு ஜோடி வாத்தை, இவள் கையில் கொடுத்தார். "ஆணை மட்டும் வருஷா வருஷம் வெளியிலேர்ந்து மாத்திடு மேரி" என்றும் சொன்னார். மேரி தலையாட்டினாள். காதில் வாங்கவில்லை.

அந்த ஆண் வாத்துக்கு ஜமீன் என்று பேர் வைத்தாள். நெஞ்சை நிமிர்த்தி, காலைப் பரத்தி வைத்து, குத்தகை வசூலிக்க வருவதுபோல் அது நடக்கும். உடம்பு முழுக்கப் பச்சை மின்னும் கறுப்பு. கொண்டையில் மட்டும் சீப்பால் வகிடெடுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கீற்று. ஜமீன் கிழடானபோது அந்தக் கீற்று உள்ள மகனை வைத்துக்கொண்டாள். மகனுக்குப் பிறகு, கீற்று உள்ள பேரன். வெளியிலிருந்து ஆணைக் கொண்டுவர அவளுக்கு மனமில்லை. "மூஞ்சி மாறிப் பூடும்" என்பாள்.

மிச்சக் குஞ்சுகளை ஜோடி ஜோடியாகத் தானம் செய்தாள். விலை சொல்லமாட்டாள். ஏரியோரத்து மனைகளில் யார் புதிதாகப் பால் காய்ச்சினாலும், சாயங்காலம் கூடையோடு வாசலில் நிற்பாள். "வச்சிக்கோ, பூச்சி பொட்டு அண்டாது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வேண்டும் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் தெருக்கோடி போயிருப்பாள். வங்கியில் ஓய்வு பெற்று வந்த ஸ்ரீரங்கன் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு ஜோடி போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி அபிதகுஜாம்பாள் முதலில் பதறி, பிறகு இரண்டு வேளையும் தயிர்சாதம் பிசைந்து போட ஆரம்பித்தார். "எங்காத்து வாத்து சுத்த சைவமாக்கும்" என்று சொல்லிக்கொள்வார். அது கிணற்றடியில் தவளை விழுங்குவதைத் தெருவே பார்த்திருக்கிறது. அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அருள்மேரி கொடுத்த ஜோடி பட்டுப்போனதில்லை என்று ஒரு பேச்சு ஊரில் உண்டாயிற்று. கைராசிக்காரி என்றார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அவள் நடை கொஞ்சம் மெதுவாகும்.

இந்த வருஷம் அந்தப் பேச்சுக்கு வினை வந்தது. முதல் பெட்டை அடையில் கிடந்தது. ஒரு மாதம் தாண்டியது, இன்னும் சில நாளும் தாண்டியது. மணிலா வாத்துக்கு அவ்வளவு நாள் உண்டுதான். ஆனால் பொரிந்தது இரண்டே குஞ்சு. இரண்டுக்கும் கால் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போயிற்று, நிற்க வரவில்லை. மற்றதெல்லாம் கூமுட்டை. சிலவற்றை உடைத்துப் பார்த்தாள். மஞ்சள் ரோமம் முளைத்த குஞ்சு, ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. அடுத்த பெட்டைக்கும் அதே கதி. மூன்றாவது பெட்டை அடையில் உட்கார்ந்தபோது, முட்டைகளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கரு பிடிக்காமல், வெறும் தண்ணீர்போல் தெளிந்து கிடந்தன.

அன்றைக்கு அவள் சோறே தின்னாமல் கொல்லையைச் சுற்றினாள்.

"ஒரே ரத்தம்டி" என்றான் தாவீது. "பத்து வருசமா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கட்டி வச்சா இன்னா ஆவும்? வேற ஆம்பள வாத்து ஒண்ணு கொண்டாந்து வுடு. இல்ல, அடுத்த கிறிஸ்மஸுக்கு உன் கொல்லைல கூடைதான் மிச்சம்."

அப்போதுதான் மிஸ்ஸி சொன்னது காதில் விழுந்தது.

தேட ஆரம்பித்தாள். முதலில் ஸ்ரீரங்கன் வீடு. அங்கே தயிர்சாதத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்த ஆணின் கொண்டையில் வெள்ளைக் கீற்று. "என்ன மேரி, பேரனைப் பாக்க வந்தியா?" என்று அபிதகுஜாம்பாள் சிரித்தார். மாடம்பாக்கத்தில் ரத்தினபாய் வீட்டுக்குப் போனாள். ரத்தினபாய்க்கு வாத்து கொடுத்தது இவளில்லை, ரத்தினபாயின் நாத்தனார். நம்பிக்கையோடு கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கொண்டைக் கீற்றும் அதுவுமாக, ஜமீனேதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தது.

"ஏங்க்கா, எங்க வூட்லயும் எல்லாம் கூமுட்டையாத்தான் கீது. இன்னாதான் கோளாறு?" என்று ரத்தினபாய் கேட்டாள். அருள்மேரி ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனாள். கோழி, புறா, முயல் கூண்டுகளுக்கு நடுவே சேட்டு என்று ஒரு வியாபாரி. அவனிடம் ஒரே ஒரு மணிலா ஆண், சாக்கிலிருந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொண்டை சாக்குக்குள் மடங்கியிருந்தது.

"அத்த வெளிய எடு, பாக்கலாம்."

"எடுக்கவே வாணாம்மா. கண்ண மூடிகினு வாங்கு. இது செம்பாக்கம் சரக்கு. அங்க அருள்மேரின்னு ஒரு அம்மா கீது. அது கைல தொட்டா பட்ட மரம்கூடத் துளுக்குமாம். அவ்ளோ ராசி!"

"நீ பாத்துகீறியா அந்தம்மாவ?"

"பாக்காம? நம்ம அத்தை மாதிரி!"

அருள்மேரிக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அது நின்றுவிட்டது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் அவள் கை கொடுத்த வாத்துதான் நிரம்பியிருக்கிறது. அவள் கொடுக்காத கொல்லை எது?

அது அவளுக்குத் தெரியும். தேட ஆரம்பித்த முதல் நாளே தெரியும். அந்தக் கொல்லையை மனசுக்குள் சுற்றிப் போவதற்குத்தான் இத்தனை பஸ் ஏறினாள்.

பின்தெருவில் இருக்கிறாள் காந்திமதி. ரவிக்கை தைப்பவள். இரண்டு பிள்ளை பெற்று இரண்டும் தங்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, "மேரிக்கா, எனக்கும் ஒரு ஜோடி குடேன். வூடு வெறிச்சினு கீது" என்று கேட்டாள். அருள்மேரிக்குக் கால் எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். "உன் கைல எதும்மா தங்கிச்சி, இது தங்க?" என்று சொல்லிவிட்டாள். முன்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். தான் சொன்னது அப்புறம்தான் அருள்மேரிக்கே கேட்டது. அதற்குள் வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்துவிட்டாள்.

காந்திமதியின் தம்பி லாரி ஓட்டுகிறவன். அந்த மாதமே பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு ஜோடி மணிலா வாத்து கொண்டுவந்து கொடுத்தான். இரண்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. இப்போது காந்திமதியின் கொல்லை துணி காயப்போட்டதுபோல் வெளுத்துக் கிடக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அருள்மேரி பார்த்ததில்லை. பின்தெரு வழியாகப் போனால் கடைக்கு இரண்டு நிமிஷம். நான்கு வருஷமாக ஏரிக்கரையைச் சுற்றித்தான் அவள் போய் வருகிறாள்.

சந்தைக்குப் போய் வந்த மறுநாள், காந்திமதி வீட்டுப் படலுக்கு வெளியே அருள்மேரி நின்றாள். உள்ளே தாழ்வாரத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மேரிக்கா, வழி தப்பி வந்துட்டியா?" காந்திமதி மிதிப்பதை நிறுத்தவில்லை.

"உன் ஆம்பள வாத்த ஒரு மாசம் வுடு. என் வூட்ல ஒண்ணும் பொரிய மாட்டேங்குது."

"தெரியும். ஊரே பேசுது."

"அப்ப குடு."

"அத்த வுடமாட்டேன்." துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தைத்தாள். "என் கைல தங்குனது அது ஒண்ணுதான்."

அருள்மேரி படலின் ஒரு கழியைப் பிடித்தாள், விட்டாள், வேறு கழியைப் பிடித்தாள். கொல்லையில் வெள்ளை வாத்து ஒன்று குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போனது. எல்லாக் குஞ்சுக்கும் கால் உறுதியாக ஊன்றியிருந்தது.

மெஷின் நின்றது.

"வாணும்னா ஒண்ணு பண்ணு" என்றாள் காந்திமதி. "உன் பொட்டைங்கள இங்க கொண்டாந்து வுடு. இங்கயே முட்டை வுடட்டும், இங்கயே அடை குந்தட்டும். முட்டை வைக்கறதும் குஞ்சு எடுக்கறதும் என் கையாலதான். நீ தொடக் கூடாது. ஒத்துகினா கொண்டா. இல்ல, சந்தைக்குப் போயி உன் பேரனையே வாங்கிகினு வா."

அருள்மேரி வீட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்குக் கடைக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கூமுட்டைகளைக் குழியில் போட்டு மண் தள்ளினாள். கூரைமேல் ஏறப் பார்த்த பெட்டைகளைப் பிடித்துப் பிடித்து இறக்கினாள். பெட்டைகளில் இந்த மூன்றுதான் மிச்சம். அதிலும் ஒன்று, கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, யூனிஸ் மிஸ்ஸி கொடுத்த பெட்டையை அப்படியே உரித்து வைத்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூடையில் போட்டாள். வாசல்வரை போய், திரும்பி வந்து, அதையும் தூக்கிப் போட்டாள்.

பின்தெருவில் சாயங்காலம் குழாயடியில் கூட்டம். கூடையோடு அருள்மேரி வருவதைப் பார்த்ததும் குடங்கள் அப்படியே நின்றன. "எங்கக்கா, கல்யாணத்துக்கா?" என்று யாரோ கேட்டார்கள். காந்திமதி படலைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கீழ வுடு. அதுங்களே உள்ள போய்க்கும்" என்றாள்.

அருள்மேரி கூடையை இறக்கி, துணியை விலக்கி, புள்ளிப் பெட்டையைத் தூக்கினாள். கீழே விடவில்லை. காந்திமதியின் கைகளை இடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். குழாயடி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் விரித்துச் சேர்த்துப் பிடித்து, பெட்டையை அவற்றின்மேல் வைத்தாள்.