கேமராவில் ஒட்டிய இலை

மாலை ஆறு மணிக்கு முதலாளி போன் செய்வார். அவருக்கு டவுனில், லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. ஆயர் ஈத்தாமுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் அவருடைய டுரியான் பழத்தோட்டத்தைப் பதினைந்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "அக்கா, மொட்டு எப்படி இருக்கு?" என்று கேட்பார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற நான், அந்தப் போனில் மட்டும் பேசிக்கொண்டே போவேன். எந்தக் கிளையில் மொட்டு கடுகளவு, எதில் சுண்டைக்காய் அளவு, எல்லாம் சொல்வேன். பூ விரிந்த நாளை நான் சொல்ல, அவர் காலண்டரில் குறிப்பார். அதிலிருந்து நாள் எண்ணித்தான் பழுத்துத் தானாக விழும் பழத்தைப் பிடிக்க மரத்தடியில் வலை கட்டுவோம்.

போன வருடம் பூக்கும் பருவத்தில், பெரிய மரத்துக்கு எதிரே கம்பம் நட்டு ஒரு கேமரா வைத்தார். பகலெல்லாம் மணிக்கு ஒரு படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்பும். அன்றோடு ஆறு மணி அழைப்பு நின்றது. தினமும் காலையில் அதன் கண்ணாடியைத் துடைப்பது என் வேலையானது.

ஒரு சனிக்கிழமை வலைக்கயிறு வாங்க டவுனுக்குப் போனவள் முதலாளி கடையில் எட்டிப் பார்த்தேன். சேலை எடுக்க வந்த ஒரு அம்மாவிடம் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, மொட்டு எப்படி உப்பியிருக்கு! இங்க உக்காந்தே பாக்குறேன் லா. இது லீவு கேக்காது, தலவலின்னு சொல்லாது."

என்னைக் கண்டதும், "சும்மா வெளாட்டுக்கு அக்கா" என்றார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன மொட்டுகளை அவர் ஒரு நாளும் யாரிடமும் இப்படிக் காட்டியதில்லை.

அடுத்த வாரம் மழையில் ஒரு டுரியான் இலை வந்து கேமராவின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. துணி கையில்தான் இருந்தது. துடைக்காமல் நடந்தேன். மறுநாளும் அப்படியே விட்டேன். அன்று மாலை போன் அடித்தது.

"அக்கா, என்ன லா இது? ரெண்டு நாளா எல்லாம் பித்தளத் தட்டு மாதிரியே தெரியுது. பூ என்னாச்சு?"

அது இலையின் அடிப்பக்கத்து நிறம்.

"நேத்து சாயந்தரமே விரிஞ்சிருச்சு முதலாளி. காலைல மரத்தடி முழுக்க இதழ்தான்."

"அப்ப நேத்து தேதியே போட்டுக்கிறேன். கேமரா கெட்டுப்போச்சா?"

"எனக்கென்ன தெரியும் முதலாளி."

அது ஒன்றுதான் பொய். மற்றபடி கிளை கிளையாகப் பூவைப் பற்றிச் சொன்னேன். அவரும் பழையபடி உம் கொட்டிக் கேட்டார்.

மறுநாள் காலையில் இலையை எடுத்துவிட்டேன். மாலை ஆறு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் முதலாளியே மலையேறி வந்தார், இன்னொரு கம்பத்தோடு.

"ஒண்ண மட்டும் நம்பக் கூடாது அக்கா. சரியா பூ விரியற நேரத்துல காலை வாரிருச்சு பாருங்க."

புதிய கேமராவை மரத்துக்கு அந்தப் பக்கம், பழையதைப் பார்த்தாற்போல வைத்தார். இப்போது இரண்டையும் துடைக்கிறேன். ஒட்டிய இலையை உடனே எடுத்துவிடுகிறேன். பழையதன் முன்னால் நான் நிற்பது புதியதில் நன்றாகத் தெரியும்.